மங்கலம்பேட்டை: வேலை எந்தப் பக்கம் போகிறது?

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் வழியில் இருக்கிறது மங்கலம்பேட்டை. கடைத்தெரு, பள்ளிவாசல், கோயில், சுற்றிலும் வயல்கள். வடக்கே போனால் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை. தெற்கே போனால் விருத்தாசலம் ஜங்ஷன். பிழைப்புக்காக வெளியூர் கிளம்புகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் வாசல்.

ஆனால் இந்த வட்டாரத்தைத் தேடி ஆட்கள் வந்த காலமும் உண்டு. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1962-ல் அங்கே மின் உற்பத்தி ஆரம்பித்தது. எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வந்து டவுன்ஷிப்பில் குடியேறின. அதே சுரங்கத்துக்காக நிலத்தையும் வீட்டையும் கொடுத்துவிட்டு வேறு இடம் போன குடும்பங்களும் ஏராளம். ஒரே நிலக்கரிதான், வெளியூர்க்காரர்களை வரவழைத்தது, உள்ளூர்க்காரர்களைக் கிளப்பியது.

சோவியத் உதவியோடு கட்டப்பட்ட நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. அதில் ஒன்பது யூனிட்கள் சேர்ந்து 600 மெகாவாட் தந்தன. புதிய நிலையத்தில் இரண்டே யூனிட்களில் 1,000 மெகாவாட்!

அதே நிறுவனம் சூரிய மின்சாரத்திலும் இறங்கியிருக்கிறது. நெய்வேலியிலும் பேனல்கள் உண்டு. ஆனால் பெரும்பகுதி ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம். வெயில் நமக்கும் குறைவில்லை; வேலைதான் தெற்கே போய்விட்டது. போகிறவர்களுக்கும் அது நிலையான வேலை இல்லை. பேனல் மாட்டும் வரை நிறைய ஆள் வேண்டும். மாட்டி முடித்ததும் துடைக்கவும் காவல் காக்கவும் சிலர் போதும். சுரங்கத்தைப் போல அதைச் சுற்றி ஒரு டவுன்ஷிப் எழும்பாது.

டிஜிட்டல் மாற்றம் வேறு விதம். மணியார்டருக்காகத் தபால்காரரை எதிர்பார்த்த வீடுகளில் இன்று செல்போன் 'டிங்' என்கிறது. 2023 பிப்ரவரியில் நம் யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டன. பணம் சீக்கிரம் வருகிறது, பிள்ளை வருவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் வேலையே ஊர்ப்பக்கம் வருவதும் நடக்கிறது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் இயங்குகிறது. 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் மினி டைடல் பார்க் திறந்தார்கள். சென்னை வரை போகாமலே வேலைக்குச் சேர ஒரு வழி.

சூரிய மின்சாரத்திலும் அப்படியொரு வழி இருக்கிறது, நம் மொட்டை மாடியில்! 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. பெரிய சோலார் பார்க் ஓரிடத்தில்தான் இருக்கும். மாடி பேனல் எல்லா ஊரிலும் இருக்கும். மாட்டவும், வயரிங் செய்யவும், பழுது பார்க்கவும் பக்கத்திலேயே ஆள் வேண்டும். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படித்த பிள்ளைக்கு அந்த வேலை கைவந்தால், பஸ் ஏறாமல் பிழைக்கலாம்.

வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், எந்த ஊருக்கு அனுப்பலாம் என்று பேசுவதற்கு முன்பு, நம் தெரு மாடிகளையும் ஒரு தடவை நிமிர்ந்து பாருங்களேன்.