பருந்துக்கண் மாநிலம்

சகோதரிகளே, அமெரிக்காவின் நடுவே அயோவா என்றொரு மாநிலம் உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் சோளமும் சோயாவுந்தான். அதன் கொடியை வரைந்தவர் ஒரு பெண் என்பதை அறிவீர்களா?

நொக்ஸ்வில் என்னும் சிற்றூரைச் சேர்ந்த டிக்சி கெப்ஹார்ட் அம்மையார், வாலிபர்கள் உலகப் போருக்குப் புறப்பட்ட 1917இல் அதை வரைந்தார். 1921இல் சட்டசபை ஏற்றுக்கொண்டது. நீலம், வெள்ளை, சிவப்பு என மூன்று பட்டைகள். பிரான்சின் கொடி நினைவுக்கு வருகிறதல்லவா? 1803இல் அமெரிக்கா இம்மண்ணைப் பிரான்சிடமிருந்தே விலைக்கு வாங்கியது. நடுவில் ஒரு கழுகு. எமது உரிமைகளை நாம் காப்போம் என்ற கருத்துடைய நாடாவை அது அலகில் ஏந்திப் பறக்கிறது.

யாருடைய உரிமை? பட்டப்பெயரைப் பாருங்கள். 'பருந்துக்கண்' என்பது ஒரு நாவலின் கதாபாத்திரம். பேர்லிங்டன் நகரத்தார் இருவர் 1838இல் அதைப் பரப்பியபோது, சோக் இனத் தலைவர் பிளக் ஹோக், அதாவது கரும்பருந்து, அவரது நினைவும் அதில் கலந்தது. 1832இல் பிறந்த மண்ணுக்காகப் போராடித் தோற்றவர் அவர். அத்தோல்விக்குத் தண்டமாக, மிசிசிப்பி நதியின் மேற்கே பெருநிலம் அவர் மக்களிடமிருந்து பறிபோனது. அதிலேதான் அயோவாவின் குடியேற்றம் தொடங்கியது. 1838இலேயே அவர் காலமானார். நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள்!

சோக்கியரின் உறவினரான மெஸ்குவாக்கி மக்கள் மட்டும் விடவில்லை. 1857இல், தமது முன்னோரின் மண்ணிலே 80 ஏக்கரைக் காசு கொடுத்து வாங்கினார்கள். இன்று அது 8,000 ஏக்கருக்கும் மேல்.