கல்லும் கள்ளியும் நட்ட எல்லை

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் ஒரு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பதைத் தினமும் பார்க்கலாம். காந்தி சிலை, 1836இல் முதன்முதலாக ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், ஆயி மண்டபம், மணக்குள விநாயகர், கால்வாயைத் தாண்டினால் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. வழிகாட்டி ஆள் தேவையில்லை. தெருக்கள் நேராக ஓடி நேராகவே வெட்டிக்கொள்வதால், தொலைந்துபோக நினைத்தாலும் முடியாது. இந்தக் கட்டம் போட்ட தெருவமைப்பைப் பிரெஞ்சுக்காரர்களின் கைவண்ணம் என்று பலரும் நினைக்கிறார்கள். 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது அவர்கள் போட்ட திட்டம்தான் இதற்கு அடிப்படை. 1761இல் ஆங்கிலேயர்கள் நகரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆக, அந்த வரைபடத்தில் இருக்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவை.

வரைபடம் புல்வார் சாலையோடு முடிந்துவிடுகிறது. மண்ணின் வரலாறு அங்கே முடியவில்லை. இன்னும் ஆயிரம் ஆண்டு பின்னோக்கி நடக்க வேண்டுமானால் பாகூர் பஸ் ஏற வேண்டும்.

வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடைப்பட்ட ஊர் கரிக்கலாம்பாக்கம். இங்கே இறங்கி டீ குடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தால், இரண்டு பக்கமும் இரண்டு பழைய ஊர்கள். இந்த இரண்டின் பெயர்களும் ஐரோப்பிய உடன்படிக்கையில் ஏறியவை என்பது பலருக்குத் தெரியாது. 1749இல் ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபு வழியாக இந்தச் சீமைகள் பிரெஞ்சுக் கவர்னர் துப்ளேக்குக் கிடைத்தன. பின்னர் போர்களில் கை மாறின. 1783இல் வெர்சாயில் பிரிட்டனும் பிரான்சும் சமாதானம் பேசியபோது, புதுச்சேரியைத் திருப்பித் தந்தால் மட்டும் போதாது, வில்லியனூரும் பாகூரும் கூடவே வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள் பிரெஞ்சுக்காரர்கள். காரணம் எளிது. கடற்கரை நகரம் வியாபாரம் செய்யும், சோறு போடாது. இன்றும் பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்றுதான் சொல்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு என்று எல்லைப் பலகைகள் மாறி மாறி வருவதற்கும் இப்படிச் சீமை சீமையாகச் சேர்த்த கணக்குதான் காரணம்.

காலையில் பாகூர், மாலையில் வில்லியனூர் என்று வைத்துக்கொள்வது நல்லது. பன்னிரண்டு மணிவாக்கில் கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெயில். கல்வெட்டு படிக்க உச்சி வெயில் உதவாது. சாய்ந்து விழும் காலை வெளிச்சத்தில்தான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். அப்போதுதான் கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' கண்ணில் படும்.

பாகூர் மூலநாதர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதைச் சொல்லும் நீலப் பலகை, சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. எதைச் சேதப்படுத்தக் கூடாது என்பதை மட்டும் நாமே சுற்றிவந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அம்பாள் வேதாம்பிகை. கும்பிட்டு முடித்தவர்கள், கருவறையின் வெளிச்சுவரை நிதானமாக ஒரு சுற்று வர வேண்டும். கண்ணை மேலே தூக்காமல் முழங்கால் உயரத்தில் வைத்துக்கொண்டு வந்தால் அடித்தளத்து யாளி வரிசையும், ஆடும் உருவங்களும், விட்டால் தவறிப்போகும் அளவுள்ள சிறு சிற்பங்களும் ஒவ்வொன்றாகத் தென்படும். சோழர் காலச் சிற்பி பெரிய கோபுரத்தில் காட்டாத நுணுக்கத்தை இப்படி ஒரு சாண் கல்லில் காட்டியிருப்பான். தஞ்சாவூரைப் பார்த்து அண்ணாந்தவர்களுக்கு இங்கே குனிந்து பார்க்கும் வேலை.

சுவர் முழுக்க எழுத்து. ஊரின் பெயர் வாகூர் என்றும் அழகிய சோழச் சதுர்வேதிமங்கலம் என்றும் வருகிறது. பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட பிரமதேய ஊர்; சபை இருந்தது, வரி விதித்தது, நிலம் விற்றது, ஏரியைப் பராமரித்தது. சோழ மன்னர்களின் பெயர்களுக்கு நடுவே ஒரு வெளியூர்க்காரரும் இருக்கிறார்: கன்னரதேவன். கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்று தன்னை அழைத்துக்கொண்ட ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன்தான் அவன். 949இல் தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே உயிர்விட்டான். அதன் பிறகு சில காலம் இந்தப் பகுதி ராஷ்டிரகூடர்களின் மான்யகேட அரசின் கீழ். பாட நூலில் இரண்டு வரியில் முடிந்துபோகும் அந்தத் தோல்வி, பாகூரில் கல்லாக நிற்கிறது. கவனித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மேலே மன்னன் மாறினாலும் கீழே சபை மாறவில்லை. வேறு மன்னனின் ஆட்சியாண்டைத் தலைப்பில் போட்டுவிட்டு அதே ஊர்க் காரியங்களைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எழுத்துகளைத் தானே படிக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பாகூர் குப்புசாமி புதுச்சேரி வட்டாரக் கல்வெட்டுகளை ஊர் ஊராகத் திரட்டினார், கோ. விஜயவேணுகோபால் அவற்றைப் பதிப்பித்தார். 2006இலும் 2010இலும் இரண்டு பாகங்களாக வந்தன. நடைக்குக் கிளம்பும் முன் நூலகத்தில் பாகூர்ப் பகுதியை மட்டும் புரட்டிவிட்டு வந்தால், சுவர் பேச ஆரம்பித்துவிடும்.

பாகூரின் மிகப் பழைய ஆவணம் மட்டும் பாகூரில் இல்லை. அதைப் பார்க்கப் பாரிசுக்குத்தான் போக வேண்டும். 1879இல் இங்கே கிடைத்த ஐந்து செப்பேடுகள் பிரான்சின் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டு, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டு. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாயை வாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்குக் கொடுத்த சாசனம் அது. ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர் மானியம்! வேதங்களும் அவற்றின் அங்கங்களும் மீமாம்சையும் நியாயமும் படித்த இடம். கட்டடம் எங்கே நின்றது என்று காட்ட இன்று ஒரு செங்கல்லும் இல்லை.

சாசனத்தின் வடமொழிப் பகுதி மன்னரின் குலப் பெருமையை விரிக்கிறது. தமிழ்ப் பகுதிதான் காரியத்துக்கு வருகிறது. அரசாணை வந்ததும் நாட்டார் அதை வணங்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள்; பிறகு ஊர் எல்லையைச் சுற்றி நடந்து கல்லும் கள்ளியும் நட்டார்கள். மற்ற பல்லவச் செப்பேடுகளிலும் இந்த வழக்கம் வருகிறது. கல் ஒரு நாள் பெயர்ந்துபோகலாம். கள்ளியை மாடு மேயாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேலியாகப் படரும். நிலப் பிரச்சினை இல்லாத காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை போலும். அந்த வகையில் பாகூரில் முதன்முதலாகப் பதிவான நடை இதுதான்: கையில் ஓலையோடு அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் வயல் வரப்பில் நடந்த எல்லை நடை. இன்றைக்கு அந்தச் சுற்றை அப்படியே திருப்பி நடக்க முடியாது. ஆனால் பாகூர் நடையைக் கோயிலோடு முடித்துக்கொள்ளாமல் ஊரின் விளிம்புவரை போக வேண்டும் என்பதற்கு அந்தச் செப்பேடே போதுமான சிபாரிசு.

விளிம்பில் இருப்பது ஏரி. ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியின் பெரிய ஏரி இதுதான். கரை மேல் ஏறி நடந்தால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல். மழைக்காலத்துக்குப் பின் வந்தால் நாரைகளும் கூழைக்கடாக்களும் இருக்கும். கோடையில் வந்தால் மாடுகள். மதகையும் கலங்கலையும் நின்று பார்க்க வேண்டும். சதுர்வேதிமங்கலமும் வித்யாஸ்தானமும் எந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லை நம்பி நடந்தன என்பது இங்கே வந்தால்தான் பிடிபடும்.

ஏரிக்குத் தண்ணீர் தென்பெண்ணையாற்றிலிருந்து வருகிறது. சொர்ணாவூர் அணைக்கட்டில் திருப்பி, பங்காரு வாய்க்கால் வழியாகக் கொண்டுவருகிறார்கள். பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசிச் சகோதரிகள் தங்கள் சொத்தைச் செலவழித்து இந்த வாய்க்காலை வெட்டினார்கள் என்பது ஊர்க் கதை. புதுச்சேரி நகரத்திலும் இதற்கு ஒரு ஜோடிக் கதை உண்டு. ஆயி என்ற தாசி தன் மாளிகையை இடித்துவிட்டுக் குளம் வெட்டினாள். முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்கு அந்தத் தண்ணீர் வந்ததைக் கொண்டாட மூன்றாம் நெப்போலியன் காலத்தில் மண்டபம் எழுந்தது. அந்த ஆயி மண்டபம் இன்று புதுச்சேரி அரசின் சின்னமாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு அரசுக் கடிதத்திலும் அச்சாகிறது. நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுத்தவளுக்கு வெள்ளை மண்டபம். வயலுக்குத் தண்ணீர் கொடுத்த சகோதரிகளின் பெயரை அந்த வாய்க்கால்தான் சுமந்துகொண்டு ஓடுகிறது. இரண்டு கதைக்கும் சாசன ஆதாரம் தேடுவது வேறு வேலை. கொடைக்கும் கௌரவத்துக்கும் நடுவே நகரமும் கிராமமும் எப்படிப் பங்கு பிரித்துக்கொண்டன என்பதைப் பார்க்க இந்தக் கதைகளே போதும்.

இந்த வயல்வெளி போரையும் பார்த்திருக்கிறது. 1752இல் பாகூருக்கு அருகே பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் மோதின. ஆங்கிலத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் வென்றார். பிரெஞ்சுப் படையை நடத்திய, துப்ளேயின் உறவினரான கெர்ஜான் தோற்றுச் சிறைபட்டார். அந்தப் போர்க்களத்தைத் தேடிப் போக வேண்டாம். நெல் விளைந்திருக்கும்.

மதியச் சாப்பாட்டைக் கரிக்கலாம்பாக்கத்தில் முடித்துக்கொண்டு வில்லியனூர் பக்கம் போகிறவர்கள் கீழூரை விடக் கூடாது. 1954 மார்ச் 31 அன்று பிரெஞ்சிந்திய அரசியல் தலைவர் எதுவார் குபேர் நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசை அறிவித்த பிறகு, பிரெஞ்சிந்தியா கொம்யூன் கொம்யூனாக நழுவத் தொடங்கியது. அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 வாக்கு, எதிர்த்து 8. இருநூற்றெண்பது ஆண்டு ஆட்சியின் கணக்கைக் கவர்னர் மாளிகையில் தீர்க்காமல், எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் உட்கார்ந்து தீர்த்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியது. சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் அந்த ஆகஸ்ட் 16 அன்று கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றம் நடக்கும். மற்ற நாட்களில் கூட்டம் இருக்காது. வாக்களித்தவர்களின் ஊர்களை யோசித்துக்கொண்டு அங்கே பத்து நிமிடம் உட்காரலாம்.

மாலை நாலு மணிக்கு மேல் வில்லியனூர். 1760 ஜூலையில் ஆங்கிலத் தளபதி ஐர் கூட் முற்றுகையிட்டுப் பிடித்த கோட்டை இந்த ஊரில்தான் இருந்தது. அது விழுந்த ஆறே மாதத்தில் புதுச்சேரியும் விழுந்தது. இன்று ஊரின் நடுநாயகம் திருக்காமீஸ்வரர் கோயில். அம்பாள் கோகிலாம்பாள். கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் பூக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை எல்லாவற்றையும் கடந்து ஒரு முழுச் சுற்று நடப்பதுதான் இந்த ஊரைப் பார்க்கும் சரியான வழி. தேர் போகும் வழி அது. வைகாசித் தேரோட்டத்தில் பிரெஞ்சுக் கவர்னர் வந்து வடம் பிடிப்பது வழக்கமாக இருந்தது. கவர்னர்கள் கப்பலேறிப் போனார்கள், வழக்கம் போகவில்லை. இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடித்துத் தொடங்கி வைக்கிறார்கள். வரி வாங்குகிறவன் தேர் இழுக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்ததும், வெள்ளைக்காரன் அதற்கு உடன்பட்டதும் ஒரு நல்ல அரசியல் ஏற்பாடு.

அதே ஊரில் லூர்து மாதா கோயிலையும் பார்த்துவிட வேண்டும். பிரான்சின் லூர்து நகரில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படுவது 1858இல்; 1877இல் வில்லியனூரில் அவளுக்குக் கோயில் வந்துவிட்டது. முகப்பு ஐரோப்பியப் பாணி. எதிரே இருப்பதோ, நான்கு பக்கமும் படி இறங்கும் தமிழ்நாட்டுத் திருக்குளம்; நடுவே மாதா. குளம் இல்லாமல் கோயில் எப்படி என்று இந்த ஊர் கேட்டிருக்க வேண்டும். இங்கும் திருவிழாவில் தேர்பவனி உண்டு.

இரண்டு தேரையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது. மாதா தேருக்கு ஈஸ்டர் முடிந்த கையோடு வர வேண்டும். திருக்காமீஸ்வரர் தேருக்கு வைகாசியில்.