பூவுக்கு மகமை

காலையில் ஒரு டம்ளர் டீயோ காபியோ உள்ளே போன பிறகுதானே இதைப் புரட்டுகிறீர்கள்? அந்த டம்ளரை உங்கள் வீட்டுக்குள் முதன்முதலில் கொண்டுவந்தது யார் என்று யோசித்ததுண்டா? பாட்டி என்று சொல்லாதீர்கள். பாட்டிக்கே யாரோ பழக்கித்தான் விட்டிருக்கிறார்கள். பழக்கியது ஒரு கட்டாய வசூல்!

கதை இதுதான். நூற்றி இருபது சொச்சம் வருஷத்துக்கு முன்னால் இந்தியாவில் தேயிலை எக்கச்சக்கமாக விளைந்தது. வாங்கத்தான் ஆள் போதவில்லை. தோட்ட முதலாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வெளிநாடுகளில் விளம்பரம் செய்து பார்த்தார்கள். அதில் ஒரு சிக்கல். பணம் போட்டவருக்குக் கிடைத்த லாபம், போடாதவருக்கும் கிடைத்தது. அப்புறம் எவன் போடுவான்? கடைசியில் முதலாளிகளே கர்சன் பிரபுவின் அரசாங்கத்திடம் போய், 'எங்கள் மேல் ஒரு வரி போடுங்கள்' என்று கேட்டு வாங்கினார்கள். 1903-ல் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பவுண்டு தேயிலைக்கும் இவ்வளவு என்று செஸ். பிற்பாடு அந்தக் காசில்தான் நம்மூர்ச் சந்தைகளுக்கு ஆட்கள் வந்து, டீ போட்டுக் காட்டி, குடிக்கக் கொடுத்து, போஸ்டர் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

காபிக்கும் இதே கதை. 1935-ல் செஸ் சட்டம். அந்தச் செஸ் கமிட்டி 1936-ல் பம்பாயில் திறந்ததுதான் முதல் இந்தியா காபி ஹவுஸ்.

கல்லூரியில் காமர்ஸ் படித்தபோது விளம்பரம் என்றால் 'என் சோப்பு உன் சோப்பைவிட உசத்தி' என்று சொல்வது என்றுதான் எனக்கு மனசில் பதிந்திருந்தது. 'எந்த சோப்பாவது போட்டுக் குளிங்கப்பா' என்று எல்லா சோப்புக்காரர்களும் சேர்ந்து சொல்வது வேறு ஜாதி. முட்டைக்காரர்கள் இதைச் செய்தார்கள். 1982-ல் ஆரம்பித்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொல்லி டி.வி.யில் பாடியதே, அந்த முட்டையில் நாமக்கல் முட்டையும் உண்டு, ஹைதராபாத் முட்டையும் உண்டு. அங்கே கட்டாயம் இல்லை. பண்ணைக்காரர்கள் தாங்களாகவே கொடுத்த காசு.

சரி, டீக்கு ஆச்சு, முட்டைக்கு ஆச்சு. பூவுக்கு?

இந்தக் கேள்வியோடுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் நின்றேன். பூவுக்கு இந்த ஊரைவிடப் பெரிய விளம்பரம் உலகத்தில் எங்கே இருக்கிறது? நந்தவனம் வளர்த்துப் பெருமாளுக்குப் பூக்கட்டிக் கொடுத்தவர் பெரியாழ்வார். அந்த மாலையைத் தானே சூடிப் பார்த்துவிட்டுக் கொடுத்தவள் அவர் மகள். இன்றைக்கும் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவில் ஆற்றில் இறங்கும் அழகருக்கு மதுரைக்கும் ஆண்டாள் சூடிக்களைந்த மாலைதான் போகிறது. அவள் கையில் இருக்கும் கிளியைக்கூடத் தினம் புதிதாகச் செய்கிறார்கள். மூக்குக்கு மாதுளம்பூ, உடம்புக்கு மரவள்ளி இலை. ஆயிரம் வருஷமாக ஒரு நயா பைசா செலவில்லாமல் நடக்கிற விளம்பரம்!

கோயிலுக்குப் பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். அறுபது வயது இருக்கும். விரல் பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தது. வாய் பாட்டுக்குப் பேசியது.

"யாவாரம் எப்படிக்கா?"

"என்னத்தச் சொல்ல தம்பி. சாமிக்கு வாங்குறாக, கல்யாணத்துக்கு வாங்குறாக. தலைக்கு வெக்கத்தான் ஆளில்ல. இப்பத்த புள்ளைக முடியை விரிச்சுப் போட்டுட்டுப் போகுதுக. பூவ எங்கிட்டு சொருகுறது?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மல்லிகையின் கணக்கு உங்களுக்குத் தெரியும். தை மாதப் பனியில் செடி பூக்காது. முகூர்த்த நாள் மட்டும் வரிசையாக வரும். கிலோ சில ஆயிரங்களைத் தொடும். பேப்பரில் படம் போட்டுச் செய்தி வரும். சித்திரை வெயிலில் செடி பூத்துத் தள்ளும்போது அந்த விலையில் பத்தில் ஒரு பங்குகூட நிற்காது. அப்போது படம் வராது. 2020 ஏப்ரலில் ஊரடங்கு. கோயில் மூடல், கல்யாணம் நிறுத்தம். பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டார்கள், பறித்ததைக் குப்பையில் கொட்டினார்கள்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். நாம் பூ வாங்குவது நமக்காக இல்லை. சாமிக்கு, முகூர்த்தத்துக்கு, சாவுக்கு. காலண்டர் சொன்னால் வாங்குவோம். காலண்டர் வாயை மூடினால் நாமும் பையை மூடிவிடுவோம். ஹாலந்துக்காரன் இந்த இடத்தில்தான் கை வைத்தான். 'விசேஷம் ஒன்றும் இல்லையா? சும்மா உனக்காக ஒரு கொத்து வாங்கு. மேஜைக்கு ஒரு தொட்டிச் செடி வாங்கு' என்று சொல்வதற்கென்றே அங்கே ஓர் அமைப்பு உண்டு. மாதத்துக்கு ஒரு வீட்டுச் செடியைத் தூக்கிப் பிடிப்பார்கள். அதற்கான பணம் வெகுகாலம் சட்டப்படியான கட்டாய வசூலாக வந்தது. வளர்ப்பவரும் கொடுக்கணும், விற்பவரும் கொடுக்கணும்.

"இந்த மாதிரி இங்கேயும் ஒரு சங்கம் வந்து, வாரம் அஞ்சு ரூபா கொடுங்க, பூ வெக்கச் சொல்லி டி.வி.யில விளம்பரம் போடுறோம்னா கொடுப்பீங்களாக்கா?"

விரல் ஒரு நொடி நின்றது. "குடுக்கலாம். அஞ்சு ரூபா என்ன பெருசா? யாரு கையில குடுக்கணும், அதச் சொல்லுங்க முதல்ல."

மொத்த விவகாரமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

அங்கிருந்து ராஜபாளையம் போகிற வழியில் ஒரு நர்சரி. மேற்கே மலை தெரிகிற இடம். மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், கற்றாழை, ரோஜா என்று வரிசை கட்டி வைத்திருந்தார்கள். முதலாளி அண்ணாச்சி விவரமான ஆள். ரோஜாவும் குரோட்டன்ஸும் பெரும்பாலும் ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கம் கடியத்திலிருந்து லாரியில் வருகிறதாம்.

"விளம்பரம் நல்ல ஐடியாதான் சார். ஆனா இங்க நான் காசு கட்டி விளம்பரம் போட்டா, லாபம் கடியத்துக்காரனுக்கும் போகும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாக்குல செடி வெச்சு விக்கிறானே, பில்லே போடாதவன், அவனுக்கும் போகும். எல்லாரும் கட்டுனா நானும் கட்டுறேன். எல்லாரையும் யாரு கட்ட வைக்கிறது?"

அக்கா கேட்டது, யார் கையில் கொடுப்பது. அண்ணாச்சி கேட்டது, யார் வசூலிப்பது. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமல் பணக்கார நாடுகளே முழித்திருக்கின்றன.

அமெரிக்காவில் 1993-ல் கொய்மலர்களுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். வருஷத்துக்கு ஏழரை லட்சம் டாலருக்கு மேல் விற்கிற மொத்த வியாபாரி, விற்பனையில் அரை சதவீதம் கட்ட வேண்டும். சின்னக் கடைக்காரருக்கு விலக்கு. பிரமோஃப்ளோர் என்று பெயர் வைத்து ஜோராக ஆரம்பித்தார்கள். 1997-ல் பணம் கட்டுகிறவர்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். வேண்டாம் என்று விழுந்தது ஓட்டு. மூட்டை கட்டிவிட்டார்கள்.

காளான் வியாபாரி ஒருவர் கோர்ட்டுக்கே போனார். என் காளான்தான் உசத்தி என்று சொல்ல நினைப்பவன் நான், எல்லாக் காளானும் நல்ல காளான் என்று சொல்லும் விளம்பரத்துக்கு நான் ஏன் அழ வேண்டும் என்பது அவர் வாதம். 2001-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் சொன்னது. 2005-ல் மாட்டிறைச்சி வழக்கில் அதே நீதிமன்றம், அது அரசாங்கத்தின் பேச்சு, அதனால் வசூலிக்கலாம் என்றது. ஹாலந்திலும் கட்டாய வசூல் நடத்திய தொழில் வாரியங்களை 2015 பிறக்கும்போது சட்டம் போட்டுக் கலைத்துவிட்டார்கள். பூக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் ஏலக்கூடக் கூட்டுறவு வழியாகப் பணம் திரட்டி விளம்பர அமைப்பைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

நம் தேயிலைச் செஸ் என்ன ஆனது? வசூலான பணம் டெல்லி கஜானாவுக்குப் போய், அங்கிருந்து ஒதுக்கீடாகி, தேயிலை வாரியத்துக்குத் திரும்பி வரும் என்று ஆயிற்று. கொடுத்தவன் கண்ணுக்கு அது தன் பணமாகத் தெரிய வழியில்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பல செஸ்களோடு அதையும் எடுத்துவிட்டார்கள்.

இத்தனை தூரம் சுற்றிவிட்டு, விருதுநகர் மாவட்டத்துக்கே திரும்பி வாருங்கள். நாம் தேடிப்போன சமாசாரம் இங்கேயே இருந்தது. அதன் பெயர் மகமை.

விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்து நாடார் உறவின்முறைகள் நடத்திய ஏற்பாடு அது. வண்டிக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சின்னப் பங்கு பொதுப்பணத்துக்குப் போக வேண்டும். அரசாங்கச் சட்டம் கிடையாது. ஆனால் கொடுக்காமல் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அந்தப் பணத்தில் பேட்டை கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள். 1889-ல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலை தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்துக்காக வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கினார்கள். அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருவர் பெயர் காமராஜ்.

கொடுத்தவன் கடையை விட்டு வெளியே வந்தால் பள்ளிக்கூடம் கண்ணில் படும். மகன் அங்கே போய்வருவான். கணக்கு கேட்கத் தோன்றினால் உறவின்முறைக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். யார் கையில் கொடுப்பது, யார் வசூலிப்பது, இரண்டுக்கும் ஒரே பதில்: நம்மாட்கள்.

இதை அப்படியே பூவுக்குத் தூக்கி வைத்துவிட முடியாது என்பதும் தெரிகிறது. மகமை ஒரே சமூகத்துக்குள் நடந்தது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பூ அப்படியா? விளைவிப்பவர் ஒருவர், கமிஷன் மண்டி ஒருவர், கட்டுபவர் ஒருவர். ரோஜா ஓசூரிலிருந்து வரும், செடி ஆந்திராவிலிருந்து வரும். ஜாதி வேறு, ஊர் வேறு. 'நம்மாட்கள்' என்று யாரைச் சொல்வது?

அதோடு, பேர் இல்லாத பொருளுக்குக் கூட்டு விளம்பரம் செய்வது கஷ்டம். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. கட்டுப் போட்டுக்கொள்கிற எவருக்காவது அந்த ஊர்ப் பேர் தெரியுமா? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பேர் உண்டு. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் அந்தப் பேரை ஒட்டி ஒரு டப்பா தொங்குகிறது. பேரை வளர்க்கிறவர் ஒருவர், அதில் ஓசியில் பயணம் செய்கிறவர் பத்துப் பேர். மதுரை மல்லிக்கு 2013-லேயே குறியீடு கிடைத்தாயிற்று. அந்தப் பேரைச் சொல்லி ஊர் ஊராகப் போய் விற்பதற்கான காசு எங்கிருந்து வரும் என்பதுதான் பாக்கி.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். வசூல் என்று ஒன்று வந்தால் மண்டியில் வரட்டும். பெரிய கையெல்லாம் அங்கேதான் மாறுகிறது. அமெரிக்காக்காரன் செய்ததில் உருப்படியானது ஒன்று உண்டு, சின்னவனை விட்டுவிட்டான். முழக்கணக்கில் விற்கிற அக்காவிடம் அந்த அஞ்சு ரூபாயைக் கேட்கக் கூடாது. அவரிடம் அது பெரிய காசுதான், கௌரவத்துக்காக 'என்ன பெருசா' என்கிறார். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று மண்டி வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதிப் போடட்டும். அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை, வேண்டுமா வேண்டாமா என்று கட்டுகிறவர்களையே கேட்கட்டும். வேண்டாம் என்றால் மூடிவிட்டுப் போகட்டும். கல்யாணமே இல்லாத ஆடி மாதத்திலும், பூ கொட்டிக் கிடக்கிற சித்திரையிலும் அந்த விளம்பரம் வரட்டும். முகூர்த்த நாளில் பூ வாங்கச் சொல்லி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதெல்லாம் நடக்குமா? நடந்தாலும் நாளாகும். அதுவரைக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். விசேஷம் ஒன்றுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, சாமிக்கென்று இல்லாமல் சும்மா ரெண்டு முழம் வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள். அந்த ரெண்டு முழம் நீங்கள் கட்டுகிற மகமை என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் கையில் போகிறது என்ற சந்தேகமும் இல்லை. கொடுக்கிற கைக்கு எதிரிலேயே வாங்குகிற கை இருக்கிறது.