தோற்றவருக்கு இன்னோர் ஆட்டம்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னை நோக்கி வருவோர்க்கு மரக்காணம் வந்துவிட்டதை முதலில் உணர்த்துவது உப்பே. சாலையோரத்தில் வெண்மணற் குன்றுகள் போல் குவிந்து, கீற்று வேய்ந்து காத்திருக்கும் உப்புக் குவியல்கள் ஊரின் அடையாளமாக நிற்கின்றன. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் பறவைகள் வந்து தங்கும் கழுவெளி, இடையே பக்கிங்காம் கால்வாயும் பரந்து விரிந்த உப்பளங்களும். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நெய்தல் நிலத்தின் தொன்மையான தொழில் இன்றும் உயிர்ப்போடு நிகழும் ஊர் இது.

உப்பு விளைவிப்பது பொறுமையும் கணிப்பும் கூடிய தொழில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பாத்திகளைச் சீர் செய்து, வரப்பு கட்டி, தரையை மிதித்து இறுக்குவர். உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து மற்றொன்றிற்குப் படிப்படியாகக் கடத்துவர். மூன்றரை டிகிரி அளவில் இருக்கும் கடல்நீரின் செறிவு, வெயிலிலும் காற்றிலும் ஏறி இருபத்தைந்து டிகிரியை நெருங்கும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். அந்நிலையில் பருவம் தப்பிய ஒரு மழை பெய்தால் போதும்; பல நாள் உழைப்பு ஓரிரவில் கரைந்துபோகும். ஆயினும் உப்பளத் தொழிலாளர் அத்தோடு வீடு திரும்பிவிடுவதில்லை. மழைநீரை வடித்து, பாத்தியை மீண்டும் மிதித்து, புதிய உவர்நீரைப் பாய்ச்சுவர். இழப்பு பெரிதுதான், ஆனால் அதே பருவத்தில் மீண்டும் ஒரு வாய்ப்பு உண்டு.

இத்தகைய கடற்கரை ஊர்களின் பிள்ளைகள் மாலை நேரங்களில் மணலிலும் காய்ந்த திட்டுகளிலும் பந்து உதைத்து வளர்கின்றனர். அவர்கள் பள்ளி அணியாகத் திரண்டு போட்டிக்குச் செல்லும்போது எதிர்கொள்ளும் விதி, உப்பளத்தின் விதியைக் காட்டிலும் கடுமையானது. அங்கே ஒருமுறை கரைந்தால் கரைந்ததுதான்.

கணக்கு சொல்லும் செய்தி

தமிழ்நாட்டில் பள்ளிகளுக்கிடையிலான குழு விளையாட்டுகள் குறுவட்ட அளவில் தொடங்கி, மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக உயர்கின்றன. நாடு முழுவதற்குமான பள்ளிக் கால்பந்துக்கென 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது சுப்ரதோ கோப்பை. இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியான சுப்ரதோ முகர்ஜியின் பெயரைத் தாங்கிய போட்டி அது. கடலோரப் பள்ளி ஒன்றின் அணியும் படிகளைக் கடந்தால் தலைநகர் வரை செல்ல இயலும். ஆனால் தொடக்கப் படிகளில் பெரும்பாலும் பின்பற்றப்படுவது நாக்அவுட் எனப்படும் வெளியேற்று முறை. வென்ற அணி அடுத்த சுற்றுக்குச் செல்லும். தோற்ற அணி ஊருக்குத் திரும்பும்.

இம்முறை பரவலாக இருப்பதற்குக் காரணம் எளிய கணக்கு. ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றுகிறது. ஆகவே எட்டு அணிகள் கலந்துகொண்டால் ஏழு அணிகளை வெளியேற்ற ஏழு ஆட்டங்கள் போதும். பதினாறு அணிகளுக்குப் பதினைந்து ஆட்டங்கள். ஒவ்வோர் அணியும் மற்ற அணிகள் அனைத்தோடும் மோதும் லீக் முறையில், எட்டு அணிகளுக்கே 28 ஆட்டங்கள் தேவை. ஒரே மைதானம், ஓரிரு நாள்கள், சில நடுவர்கள் என்னும் நிலையில் வெளியேற்று முறையே கைகொடுக்கிறது.

அக்கணக்கின் மறுபக்கமும் உண்டு. எட்டு அணிகள் மோதும் வெளியேற்றுப் போட்டியில் நான்கு அணிகள் ஒரே ஓர் ஆட்டத்தோடு விடைபெறுகின்றன. இரண்டு அணிகள் இரண்டு ஆட்டங்கள் ஆடுகின்றன. இறுதிக்கு வரும் இரண்டு அணிகளுக்கு மட்டுமே மூன்று ஆட்டங்கள் கிடைக்கின்றன. ஏற்கெனவே நன்கு ஆடத் தெரிந்தவருக்கு மிகுதியான ஆட்டமும், இனிமேல்தான் கற்க வேண்டியவருக்குக் குறைவான ஆட்டமும் என்பதே இதன் விளைவு. முதல் சுற்றில் யார் யாரோடு மோதுவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தால், வலிமையான இரண்டு அணிகள் தொடக்கத்திலேயே மோதி, அவற்றுள் ஒன்று வெளியேறவும் கூடும். அதனால்தான் சிறந்த அணிகளை அட்டவணையின் வெவ்வேறு பகுதிகளில் பிரித்து வைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

மூன்று அறிதல்கள்

தோற்றால் வெளியேற்றம் என்னும் நிலையில் ஆட்டத்தின் உத்தியே மாறிவிடுகிறது. லீக் முறையில் சமநிலையும் ஒரு பயன். ஒரு புள்ளி கிடைக்கும். வெளியேற்று முறையில் சமநிலைக்கு இடமில்லை. கூடுதல் நேரம், அதிலும் முடிவு இல்லையேல் பெனால்டி உதைகள் என ஒருவர் வீழும்வரை ஆட்டம் நீளும். எனவே கூடுதல் நேரத்திற்கு எவர் காலில் வலு எஞ்சியிருக்கும், பெனால்டி உதைக்கும் ஐவர் யார், அவர்களுள் முதல்வர் யார் என்பனவற்றை ஆட்டம் தொடங்கும் முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அரசனுக்குக் கூறப்பட்ட அம்மூன்றும் பதினொருவர் கொண்ட அணிக்கும் பொருந்துவன.

எதிரணியின் விரைவான ஆட்டக்காரர் எந்த ஓரத்தில் ஓடுகிறார், அவரைத் தடுக்க நம்மில் யார் ஏற்றவர், எதிரணியின் பின்களத்தில் எவர் பந்தை நெஞ்சில் வாங்கத் தடுமாறுகிறார் என்று காண்பது வலியறிதல். தொடக்கத்திலேயே பாய்ந்து கோல் தேடுவதா, எதிரணி களைக்கும்வரை பொறுத்து ஆடுவதா, மாற்று ஆட்டக்காரரை எப்போது இறக்குவது என்று தெளிவது காலமறிதல். களத்தின் தன்மையை உணர்வது இடனறிதல். கடலோர மைதானங்களில் பிற்பகலில் கடற்காற்று வலுக்கும். நாணயச் சுண்டலில் வென்ற அணித்தலைவர், எந்தப் பாதியில் காற்றைத் துணையாகக் கொள்வது, எந்தப் பாதியில் பந்தைத் தரையோடு உருட்டி ஆடுவது என்று எண்ணியே பக்கத்தைத் தேர்வார். உப்பின் செறிவுக்குக் காற்றின் போக்கைப் பார்த்துப் பழகிய ஊர்ப் பிள்ளைகளுக்கு இவ்வறிவு வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது.

இம்மூன்றுள் வலியறிதலே கடினமானது. எதிரணியை ஒருமுறையேனும் எதிர்த்து ஆடாமல் அதன் வலிமையை முழுமையாக அறிய முடியாது. அறியும்போது ஆட்டம் முடிந்திருக்கும். இந்தியக் கால்பந்தின் மிகப்பெரிய வெற்றி இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குகிறது.

ஜகார்த்தா, 1962

1962ஆம் ஆண்டு இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. கால்பந்தில் எட்டு அணிகள். அவை நான்கு நான்காக இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. குழுவுக்குள் லீக் முறை. ஒவ்வொரு குழுவிலும் முதலிரண்டு இடம் பெற்றவை அரையிறுதிக்குச் செல்லும். இந்திய அணியின் பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம். அவர் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1951இல் புதுதில்லியில் இந்தியா ஆசியத் தங்கம் வென்றபோதும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றபோதும் அணியை வழிநடத்தியவர் அவரே. ஜகார்த்தாவுக்குச் செல்லும்போது அவர் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார்.

முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்றது. வெளியேற்று முறையாக இருந்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். குழுமுறை என்பதால் இந்தியாவுக்கு இன்னும் இரண்டு ஆட்டங்கள் இருந்தன. தாய்லாந்தை 4–1 என்றும், ஜப்பானை 2–0 என்றும் வென்று அணி அரையிறுதியை அடைந்தது.

இதற்கிடையில் பின்களத்தின் தூணாக விளங்கிய ஜர்னைல் சிங் தலையில் காயமுற்றுத் தையல் போடப்பட்ட நிலையில் இருந்தார். அவரை ஓய்வில் அமர்த்துவதே எவரும் எதிர்பார்த்த முடிவு. ரகீமின் முடிவோ வேறாக இருந்தது. வழக்கமாகத் தடுப்பாட்டம் ஆடும் அவரை முன்களத்தின் நடுவே நிறுத்தினார். பின்களத்தின் பொறுப்பை அருண் கோஷ் உள்ளிட்டோர் ஏற்றனர். அரையிறுதியில் தென்வியட்நாமை இந்தியா 3–2 என வென்றது. ஜர்னைல் சிங்கும் ஒரு கோல் அடித்தார்.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரில் நின்றது, முதல் ஆட்டத்தில் வீழ்த்திய அதே தென்கொரியா. அரசியல் காரணங்களால் இந்தியா மீது சினங்கொண்டிருந்த பெருங்கூட்டம் அரங்கில் எதிர்ப்பொலி எழுப்பியது. நெடிய உருவம் கொண்ட பீட்டர் தங்கராஜ் இந்தியாவின் கோலைக் காத்தார். தொடக்கத்திலேயே பி.கே. பானர்ஜி ஒரு கோல் அடிக்க, அடுத்த சில நிமிடங்களில் ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் தென்கொரியா ஒரு கோல் திருப்பியது. 2–1 என இந்தியா தங்கம் வென்றது. அணித்தலைவர் சுனி கோஸ்வாமி. அதன்பின் இன்றுவரை இந்தியக் கால்பந்து அணி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதில்லை. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் ரகீம் மறைந்தார்.

ஒன்பது நாள்களுக்குள் ஒரே எதிரணியிடம் தோற்றதும் வென்றதும் நிகழ்ந்தன. இடையில் நடந்தது கற்றல். முதல் ஆட்டத்தின் தோல்வி கொரியரின் வலிமையைக் காட்டியது. அடுத்த ஆட்டங்கள் தம் அணியின் வலிமையைச் சீர்செய்ய இடமளித்தன. தோல்வியிலிருந்து பாடம் கற்க வேண்டும் என்று கூறுவது எளிது. கற்ற பாடத்தைப் பயன்படுத்திப் பார்க்க இன்னோர் ஆட்டம் கிடைக்காவிட்டால் அந்த அறிவுரைக்குப் பொருளில்லை.

அதே கடற்கரையில் இன்னொரு சான்று

மரக்காணத்திற்குத் தெற்கே அதே கடற்கரையில் அமைந்தது கடலூர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரை முழுவதையும் தாக்கியது. அதன்பின் ஆண்டுகளில், பேரலையாலும் வறுமையாலும் நலிந்த குடும்பங்களின் பெண்பிள்ளைகள் பலர் கடலூரில் கால்பந்துப் பயிற்சி பெற்றனர். அந்நகரம் மாநில அணிக்கும் நாட்டு அணிக்கும் வீராங்கனைகளை வழங்கும் களமாயிற்று. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்காக ஆடியதோடு, தமிழ்நாடு காவல்துறையில் சார்பு ஆய்வாளராகவும் பணியேற்றார்.

2018ஆம் ஆண்டு ஒடிசாவின் கட்டாக்கில் நடைபெற்ற தேசிய மகளிர் சாம்பியன் போட்டியின் இறுதியில் தமிழ்நாடு மணிப்பூரை 2–1 என வென்று முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது. அப்போட்டியைப் பெரும்பாலான ஆண்டுகளில் வென்று வந்த மாநிலம் மணிப்பூர். 2023இல் அமிர்தசரசில் அரியானாவை வென்று தமிழ்நாடு மீண்டும் அக்கோப்பையைக் கைப்பற்றியது. இவ்வெற்றிகள் ஒருநாளில் கிடைத்தவை அல்ல. ஆண்டு முழுவதும் ஆடும் வாய்ப்பும், தோற்ற பின்னும் கைவிடாத பயிற்சியும் இருந்ததால் விளைந்தவை.

செய்யக்கூடிய ஒன்று

பள்ளிப் போட்டிகளை முழுமையான லீக் முறைக்கு மாற்ற நாளும் பொருளும் போதா என்பது உண்மையே. ஆனால் 28 ஆட்டங்களுக்கும் ஏழு ஆட்டங்களுக்கும் இடையே வேறு வழிகள் உள்ளன. எட்டு அணிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தால் குழு ஆட்டங்கள் பன்னிரண்டு, அரையிறுதிகள் இரண்டு, இறுதி ஒன்று எனப் பதினைந்து ஆட்டங்களில் போட்டி முடியும். ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டங்கள் கிடைக்கும். அதற்கும் இயலாதெனில் முதல் சுற்றில் தோற்ற நான்கு அணிகளைத் தமக்குள் ஒருமுறை மோதச் செய்யலாம். கூடுதலாகத் தேவைப்படுவன இரண்டே ஆட்டங்கள். பேருந்தில் நெடுந்தொலைவு வந்த அணி எதுவும் ஒரே ஆட்டத்தோடு திரும்ப வேண்டியிராது.

அந்த இரண்டாவது ஆட்டத்திற்குக் கோப்பை இல்லை. பார்வையாளரும் மிகுதியாக இருக்கமாட்டார். ஆனால் காலையில் எந்த ஓரத்தைத் திறந்துவிட்டதால் கோல் விழுந்ததோ, அந்த ஓரத்தைப் பிற்பகலில் அடைத்துக் காட்டும் வாய்ப்பு ஒரு தடுப்பாட்டக்காரருக்கு அதில் கிடைக்கும். காலை முழுவதும் விளிம்பில் அமர்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர் ஒருவர் முதன்முறையாகக் களமிறங்கவும் கூடும். அடுத்த ஆண்டின் அணி அவ்வாட்டத்தில்தான் உருவாகத் தொடங்குகிறது.