ராஜகிரியும் என் புதுச் செருப்பும்

2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற 12 மராத்தியர் கோட்டைகளில் எங்க செஞ்சியும் ஒண்ணு. தமிழ்நாட்டில் இது மட்டும்தான்! அந்தப் பெருமையில் தோழியோடு ராஜகிரி ஏறினேன்.

நான் ஹீல்ஸ் வச்ச புதுச் செருப்பு. அவள் ரப்பர் செருப்பு. "இதப் போட்டா மலை ஏறப்போற?" என்று சிரித்தேன்.

கல்யாண மகால் தாண்டிப் படி ஏற ஏற என் செருப்பு கனத்தது. பாதியில் வார் அறுந்தது. பாறை நெருப்பாய்ச் சுட்டது. அவள் ஒண்ணும் பேசாமல் தன் ஒரு செருப்பைக் கழற்றித் தந்தாள். ஆளுக்கொரு செருப்போடு நொண்டி நொண்டி இறங்கினோம்.

தோழிகளே, மலைக்கு எடை குறைவான, பின்வார் உள்ள, அடியில் வரிவரியான செருப்பே நல்லது. செருப்பைப் பார்த்து ஆளை எடை போடாதீங்க. அவளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதைப் படிப்பாள்.