குஞ்சு மேய்க்கும் விரால்

பங்குனி பாதியைத் தாண்டினால் தர்மபுரி மாவட்டத்து ஏரிகள் ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பிக்கும். கரையைத் தொட்டுக் கிடந்த தண்ணீர் மெல்ல நடுப்பள்ளத்துக்கு ஒதுங்கும். பரீட்சை முடிந்த பையன்கள் தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவது இந்தச் சமயத்தில்தான்.

தர்மபுரி மீன் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு ஒகேனக்கல் நினைவுக்கு வரும். அருவி, பரிசல், சுடச்சுடப் பொரித்த மீன். உள்ளூரில் வளர்ந்தவர்களுக்கோ ஊர் ஏரிதான் நெருக்கம். ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் நைலான் நரம்பு, ஒரு முள், மிதக்க ஒரு தக்கை, கொட்டாங்கச்சியில் மண்புழு. இவ்வளவுதான் செலவு. (இந்த ஏரித் தூண்டிலுக்கென்றே 1887-ல் ஆங்கிலத்தில் ஒரு தனிப் புத்தகம் போட்டார், சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ். நம் பையன்கள் அதைப் படிக்காமலேயே பிடிக்கிறார்கள்!)

புழுவுக்கு அதிகம் சிக்குவது ஜிலேபி. ஆப்பிரிக்காவில் பிறந்த மீன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத குட்டையைத் தேடத்தான் வேண்டும். ஆனால் தூண்டில்காரர்களின் மனசு கிடப்பது விரால் மீது. முள் குறைவு, சதை கெட்டி, விலையும் அதிகம். விரால் குழம்பு வைத்த அன்று வீட்டில் சோறு போதாது.

விராலுக்கு ஒரு தனிக் குணம். தண்ணீரில் இருந்தாலும் அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். அதனால்தான் தண்ணீர் வற்றிச் சேறாகும்போதும் தாக்குப்பிடிக்கிறது. கரையில் இருப்பவருக்கு அந்தச் சின்னச் சத்தமே துப்பு. ஆகாயத்தாமரை ஓரத்தில் ‘கபக்’ என்று கேட்டால், அங்கே தவளையையோ சிறு மீனையோ கோர்த்துப் போடுவார்கள்.

முட்டையிடுவது பெரும்பாலும் மழைக்காலத்தில். ஆனால் தண்ணீர் நிற்கும் குளங்களில் மற்ற மாதங்களிலும் நடக்கும். செடிகளை விலக்கிக் கொஞ்சம் இடம் பண்ணி, அங்கே முட்டைகளை மிதக்கவிடும். பொரிந்த குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக மேலே திரியும். காற்றுக்காக அவை எழும்பும்போது அந்த இடம் மட்டும் உலை கொதிப்பதுபோல் இருக்கும். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல். அந்த நேரத்தில் பசி இருக்கிறதோ இல்லையோ, குஞ்சுகளை நெருங்கும் எதையும் பாய்ந்து கடிக்கும்.

ஆபத்தே அங்குதான் இருக்கிறது. இப்போது ஆன்லைனில் ரப்பர் தவளை கிடைக்கிறது. அதைக் குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் எறிந்து இழுத்தால் காவல் விரால் நிச்சயம் கடிக்கும். சாமர்த்தியமே தேவையில்லை. போட்டோ எடுத்துப் போட்டால் லைக் குவியும். பின்னால் அந்தக் குஞ்சுகளை ஜிலேபியும் கெளுத்தியும் கொக்கும் பங்கு போட்டுக்கொள்ளும்.

“அதை வுட்டுடு கண்ணு, குஞ்சை மேய்ச்சிக்கிட்டு இருக்குது” என்று தாத்தாக்கள் தடுப்பார்கள். “நாம வுட்டா வேற ஆளு புடிச்சிட்டுப் போயிடுவான் தாத்தா” என்பான் பேரன். அவன் சொல்வதும் பொய்யில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பாஸ் என்றொரு மீன். கோடைத் தொடக்கத்தில் அதன் ஆண் மீன் கூட்டைக் காக்கும்; கிட்டே வருவதைக் கடிக்கும். ஒன்டாரியோ மாகாணத்தின் பல ஏரிகளில் அந்த நாட்களில் அதைப் பிடிக்கத் தடை. டொராண்டோவில் நம்மவர்கள்கூட ஜூன் வரை காத்திருந்துதான் தூண்டில் போடுகிறார்கள். நம் கிழக்குக் கடற்கரையிலும் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை இருக்கிறது. ஊர் ஏரிக்கரையில் அப்படித் தேதி பார்ப்பவர் யார்? அங்கே இருப்பது தாத்தாவின் வாய்ச்சொல் மட்டும்தான்.

சித்திரை வெயிலில் ஏரி ஒரு பள்ளமாகச் சுருங்கிவிட்டால், அதில் மிஞ்சும் நாலைந்து விரால்தான் அடுத்த மழைக்கான விதை. நெல் விதையைப் பொங்கித் தின்னாத குடும்பங்கள் இந்த விதையையும் விட்டுவைக்கலாம். செந்நிறக் கூட்டம் கண்ணில் பட்டால் முப்பது அடி தள்ளிப் புழுவைப் போடுங்கள். ஜிலேபி வரும், ராத்திரிக் குழம்புக்கு அது தாராளம்.