கடிக்காதே, பீமா!

என் கைகளைப் பார்த்துவிட்டு, காரியாலயத்துத் தோழி ஒருத்தி, "என்ன, முள்வேலி தாண்டினாயா?" என்று கேட்டாள். மணிக்கட்டு முதல் முழங்கை வரை சிவப்புக் கோடுகள். "வீட்டில் நாய்க்குட்டி" என்றேன். "அடடா! எவ்வளவு அழகாயிருக்கும்!" என்றாள். வாசகிகளே, நாய்க்குட்டி வளர்த்துப் பார்க்காதவர்கள் எல்லோருமே இப்படித்தான் சொல்வார்கள்.

அதன் பெயர் பீமன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டு, பக்கத்து மீனவர் குப்பத்தின் வழியாகக் கடலோரமாக நடந்து கொண்டிருந்தோம். கவிழ்த்துப் போட்டிருந்த படகு ஒன்றின் நிழலில் ஒரு செவலை நாய் மூன்று குட்டிகளுக்குப் பால் கொடுத்துக் கொண்டிருந்தது. மூன்றில் ஒன்று, உடன்பிறந்தார் இருவரையும் முட்டித் தள்ளிவிட்டு அவர்கள் பங்கையும் சேர்த்து உறிஞ்சிக் கொண்டிருந்தது. "அம்மா, இவன்தான் பீமன்!" என்றாள் என் எட்டு வயது மகள். பெயர் வைத்த பிறகு விட்டுவிட்டு வர முடியுமா?

"அஞ்சு வாரக் குட்டிம்மா. இன்னும் ஒரு மாசம் போவட்டும், அப்பறம் வந்து எடுத்துனு போ" என்றாள் குப்பத்துப் பாட்டி. நான் கேட்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர். இதற்காக மறுபடி யார் வருவது என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குக்கு வட்டி கட்டிய கதையைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் வாரம் பீமன் தூங்கினான், பால் குடித்தான், தூங்கினான். இரண்டாவது வாரம் அவனுக்குப் பற்கள் இருப்பது எங்களுக்கும் அவனுக்கும் ஒருசேரத் தெரிந்தது. நாய்க்குட்டியின் பால் பற்கள் இருபத்தெட்டு. ஒவ்வொன்றும் தையல் ஊசி! என் மாமியாரின் செருப்பு, டெலிபோன் சார்ஜர் ஒயர், என் புடவை முந்தானை, கோரைப் பாயின் ஒரு மூலை எல்லாம் பீமனுக்குப் பலியாயின. கொஞ்சலாமென்று கையை நீட்டினால், கையே பலி.

அக்கம்பக்கத்தில் யோசனைக்கா பஞ்சம்? "மூக்கில் ஒன்று போடுங்கள்" என்றார் எதிர்வீட்டுக்காரர். நம் பத்திரிகையையே சுருட்டி ஒன்று போட்டேன். பத்திரிகையாளருக்கு இதைவிடப் பெரிய அவமானம் என்ன? பீமன் அதை விளையாட்டென்று எண்ணி, தொடர்கதைப் பக்கத்தைக் கிழித்துக் கொண்டு ஓடினான். இரண்டு மூன்று நாள் அடி வாங்கிய பிறகு வேறொரு மாறுதலைக் கண்டேன். என் கை கிட்டே வந்தாலே பதுங்கினான். பதுங்கியபடியே முன்னிலும் பலமாகக் கடித்தான். அடியிலிருந்து அவன் கற்ற பாடம், 'கடிக்கக் கூடாது' என்பதல்ல. 'இந்த அம்மாளின் கை ஆபத்தானது' என்பதுதான்.

நான் செய்த இன்னொரு அசட்டுத்தனம், "இதைக் கடித்துத் தொலை" என்று ஒரு பழைய செருப்பைக் கொடுத்தது. வாசலில் ஐந்து ஜோடிச் செருப்புகள் கிடக்கிற வீட்டில், எது பழசு, எது புதுசு என்று நாய்க்குட்டி எப்படிக் கண்டுபிடிக்கும்?

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. கூடத்தில் மகள் ஓடினாள், பாவாடை ஆடியது, பீமன் துரத்தினான். கணுக்காலில் இரண்டு பல் பதிந்து ரத்தம் கசிந்தது. என் மாமியார் காப்பிப்பொடி டப்பாவோடு ஓடி வந்தார். நல்ல வேளையாகத் தடுத்தேன். நாய்க்கடிக்குக் காப்பிப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் வைக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும்; உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'குட்டிதானே, வீட்டு நாய்தானே' என்று இருந்துவிடலாகாது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. தோன்றுவதற்கு முன் தடுப்பதற்கோ 1885-இல் லூயி பாஸ்டர் வழி கண்டுவிட்டார். நம் குன்னூரிலேயே 1907 முதல் அவர் பெயரால் ஒரு நிலையம் இருக்கிறது. பீமனுக்கு அப்போது ஏழு வாரம். நாய்க்குட்டிக்கு இந்தத் தடுப்பூசியை மூன்று மாதத்தில்தான் போடுவார்கள். ஆகவே மகளுக்கு அன்றே ஊசி ஆரம்பமாயிற்று. குட்டியைப் பத்து நாள் கண்காணிக்கும்படி டாக்டர் சொன்னார்.

பத்து நாளும் கழிந்தன. பீமன் கொழுகொழுவென்று இருந்தான். ஆனால் வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "குழந்தை இருக்கிற வீடு. எங்கே எடுத்தாயோ அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடு" என்றார் மாமியார். என்னாலும் மறுத்துப் பேச முடியவில்லை. உண்மையில், மனத்துக்குள் ஒரு நிம்மதிகூட ஏற்பட்டது. மகள்தான் சண்டை போட்டாள். "தர்மராஜா, நாயை விட்டுட்டு சொர்க்கத்துக்கே வரமாட்டேன்னார். அன்னிக்கு நீதானே ரதத்துக்கிட்டே நின்னு அந்தக் கதையைச் சொன்னே?" என்றாள். கதை சொல்லும்போது தாய்மார்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஞாயிறு காலையில், மடியில் கூடையும் கூடைக்குள் பீமனுமாக ஸ்கூட்டரில் உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றத்து மலை கண்ணில் பட்டு மறைகிற வரையில் என் கணவரும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே படகு, அதே நிழல். தாயும் மற்ற இரண்டு குட்டிகளும் அங்கேதான் இருந்தன. பீமனை இறக்கி விட்டேன். மோந்து பார்த்தான், உடனே ஒரு குட்டியின் காதைக் கவ்வினான். அது 'வீல்' என்று ஒரு சத்தம் போட்டது. போட்டதோடு சரி, திருப்பிக் கடிக்கவில்லை. விளையாட்டை நிறுத்திவிட்டு, தள்ளிப்போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து கொண்டது. பீமன் திகைத்து நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அது திரும்பி வந்தது. மறுபடி விளையாட்டு, மறுபடி கடி, மறுபடி வீல், மறுபடி முதுகு. தாயிடம் போய்க் காம்பைக் கடித்தான். அவள் உறுமக்கூட இல்லை. எழுந்து நடந்து விட்டாள். ஒரு மணி நேரம் மணலில் உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் பீமன் தம்பியின் காலைக் கவ்வியபோது சத்தமே எழவில்லை. வாயை மூடாமல், மெதுவாகப் பிடித்திருந்தான்!

பாட்டி மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு, "பால் மறக்கறதுக்கு முன்னாடியே தூக்கினு போய்ட்டியேம்மா. கூட விளையாட ஆளில்லேன்னா அதுக்கு யார் சொல்லித் தருவா?" என்றாள்.

பிறகு நான் விசாரித்த மிருக வைத்தியரும் இதையேதான் சொன்னார். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி, தாயிடமும் உடன்பிறந்தவர்களிடமும்தான் கற்கிறதாம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் வருஷத்து விதிகளே சொல்கின்றன. வேண்டாமென்று கண்ட இடத்தில் விட்டுவிட்டு வருவதும் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வரக் காரணமாயிருந்தவர், இதே கடற்கரையின் வடகோடியில், திருவான்மியூரில் கலாக்ஷேத்திரத்தை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் இழுத்து வந்தவள் நான். ஆகவே பள்ளிக்கூடமும் நானேதான் ஆக வேண்டும் என்று மட்டும் தோன்றியது. கூடையில் பீமனை வைத்துக்கொண்டு திரும்பி வந்தோம்.

மாமியாரிடம் ஒரு மாதம் தவணை வாங்கினேன். மறுநாள் முதல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம். பல் பட்டால் "ஆ!" என்று ஒரு சத்தம், உடனே எழுந்து வெளியே போய் அரை நிமிஷம் கதவைச் சாத்திக் கொள்வது, திரும்பி வந்து, ஒன்றும் நடவாதது போல் விளையாடுவது. திட்டக் கூடாது, கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. (சில குட்டிகளுக்குச் சத்தமே உற்சாகமூட்டுமாம்; அப்படியானால் சத்தமில்லாமல் போய்விட வேண்டும்.) ஓடுகிற காலும் ஆடுகிற பாவாடையும் அவனுக்கு எலி மாதிரி. ஆகவே மகள், பீமன் பாய்ந்தால் மரம் போல் நிற்கப் பழகினாள். இதில் ஒருவர் சலுகை காட்டினாலும் போயிற்று. என் கணவர்தான் "பாவம், மெதுவாகத்தானே கடிக்கிறான்" என்று இரண்டு தடவை கெடுத்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பீமனுக்குப் பேய் பிடிக்கும். அது பேயல்ல, தூக்கம் என்று பிறகு தெரிந்தது. இந்த வயதில் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் தூங்க வேண்டும். தூக்கம் கெட்டால் நம் குழந்தைகள் சிணுங்குவது போல அவன் கடித்தான். கூடத்தின் மூலையில் அவனுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியதும் பாதிக் கடி குறைந்தது.

மெல்லுவதை மட்டும் நிறுத்த முடியாது. பல் விழுந்து முளைக்கிற ஈறு ஊறத்தானே செய்யும்? செருப்புகள் அலமாரிக்குள் போயின. ஒயர்கள் உயரத்துக்குப் போயின. பழைய துண்டை முடிச்சுப் போட்டு, நனைத்து, ஐஸ் பெட்டியில் உறைய வைத்துக் கொடுத்தேன். அதைச் சவைக்கிறபோது பீமன் முகத்தில் தெரிந்த ஆனந்தத்தைப் பார்க்க வேண்டுமே! நூல் பிரிந்த துண்டையும், சமைத்த எலும்பையும் கொடுக்காதீர்கள், விழுங்கினால் ஆபத்து. எதையாவது கவ்விக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள். ஒரு துண்டு அவித்த முட்டையைக் காட்டினால், வாயிலுள்ளதைத் தானே போட்டுவிடுவான். இந்த வியாபாரத்தில் என் மாமியார்தான் நிபுணர். தவணை முடிந்த தேதியை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாலரை மாதம் ஆனபோது, ஒரு காலை கூடத்தைப் பெருக்குகையில் அரிசி போல ஏதோ உருண்டது. பீமனின் பால் பல்! மகள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "பாட்டி, எனக்குப் பல் விழுந்தப்போ சாணியில் வைத்துக் கூரைமேலே போட்டோமே?" என்றாள்.

"நாய்ப் பல்லுக்கு அதெல்லாம் உண்டா?" என்று சிரித்தேன்.

என் மாமியார் பதில் சொல்லவில்லை. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, பால்காரர் வீட்டுத் தொழுவத்தை நோக்கி நடந்தார். பின்னாலேயே பீமன், அவர் முந்தானையைத் தொடாமல் போய்க் கொண்டிருந்தான்.